மாச்சுஷ் அரசனும் வார்சா நகர்ப் பிள்ளைகளும்

சிறுவர் கதைகள் இன்பமாகவே முடிய வேண்டும் என்பது நம்மில் பலரின் எண்ணம். அரக்கன் மாள்வான், இளவரசன் முடிசூடுவான், கதை கேட்ட பிள்ளை நிம்மதியாக உறங்கும். போலந்து நாட்டு மருத்துவரும் எழுத்தாளருமான யானுஸ் கோர்ச்சாக் இவ்வழக்கத்தை மீறினார். 1920களின் தொடக்கத்தில் அவர் எழுதிய 'அரசன் முதலாம் மாச்சுஷ்' என்னும் சிறுவர் புதினம் தோல்வியில் முடிகிறது.

கோர்ச்சாக் என்பது புனைபெயர். இயற்பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மித். வார்சா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1904-05இல் நிகழ்ந்த ரஷ்ய-ஜப்பானியப் போரிலும், முதல் உலகப் போரிலும் படை மருத்துவராகப் பணியாற்றினார். காயங்களுக்குக் கட்டுப்போட்டுப் போரை அறிந்தவர் அவர். 1912 முதல் வார்சாவில் யூத அனாதைப் பிள்ளைகளின் இல்லம் ஒன்றை, ஸ்டெஃபானியா வில்ச்சின்ஸ்கா அம்மையாருடன் சேர்ந்து நடத்தினார். அங்கே பிள்ளைகளே நீதிபதிகளாய் அமர்ந்த நீதிமன்றம் ஒன்று இருந்தது. தவறிழைத்த பெரியவர்களும் அதற்குப் பதில்சொல்ல வேண்டும். கோர்ச்சாக்கும் அதன்முன் நின்றிருக்கிறார்.

அந்தப் புதினத்தின் நாயகன், தந்தையை இழந்து அரியணை ஏறும் சிறுவன். மூன்று அண்டை அரசர்கள் படையெடுக்கவே, அவன் அரண்மனையைவிட்டு யாரும் அறியாமல் வெளியேறி, வேற்றுப் பெயரில் போர்முனைக்குச் செல்கிறான். வீரத்தை எதிர்பார்த்துச் சென்றவனுக்கு அகழி வெட்டும் களைப்பும் தோழர்களின் சாவுமே காத்திருக்கின்றன. திரும்பிவந்து, சிறுவர்களுக்கென நாடாளுமன்றம் அமைக்கிறான். பெரியவர்களைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பிள்ளைகள் அவர்களுடைய வேலைகளை ஏற்கிறார்கள், நாடு குலைகிறது. பகைவர் மீண்டும் வருகின்றனர். சிறைப்பட்ட சிறுவன், மரண தண்டனை பெற்று, நகர வீதிகளின் வழியே தலைநிமிர்ந்து நடந்து செல்கிறான். கடைசி நொடியில் தண்டனை மாற்றப்பட்டு, ஆளில்லாத் தீவுக்கு நாடு கடத்தப்படுகிறான்.

பிஞ்சு உள்ளங்களுக்கு இத்தகைய கதை தகுமா என நாம் கேட்கலாம். ஆனால் அதை முதலில் வாசித்த பிள்ளைகள் யார்? உலகப் போரையும், அதைத் தொடர்ந்து 1920 வரை நீடித்த போலந்து-சோவியத் போரையும் கண்டவர்கள். தந்தையரை இழந்தவர்கள் பலர். தாம் கண்டதையே இல்லையென்று சொல்லும் நூலை அவர்கள் எப்படி நம்புவார்கள்? குழந்தை நாளைக்கு மனிதனாகப் போகிறவன் அல்லன், இன்றே மனிதன் என்பது கோர்ச்சாக்கின் உறுதி. மனிதனுக்கு உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்!

அந்த உறுதியை வரலாறு கொடூரமாகச் சோதித்தது. 1940இல் நாசிகள் வார்சாவின் யூதர்களை மதில்களுக்குள் அடைத்தனர். இல்லமும் அதற்குள் இடம்பெயர்ந்தது. பசியும் நோயும் சூழ்ந்த அவ்விடத்தில், 1942 ஜூலை 18 அன்று பிள்ளைகள் ஒரு நாடகம் நடித்தனர். அது நம் நாட்டு இரவீந்திரநாத் தாகூரின் 'அஞ்சல் நிலையம்'. நோயினால் வீட்டுக்குள் அடைபட்ட சிறுவன் ஒருவன், சன்னலோரம் அமர்ந்து அரசனின் மடலுக்காகக் காத்திருந்து, அமைதியாகக் கண்மூடும் கதை அது. சாவை மறைக்காமலும், அதைக் காட்டி அச்சுறுத்தாமலும் பிள்ளைகளோடு பேச அவருக்கு இன்னொரு நூல் துணைநின்றது.

மூன்று வாரங்கள்கூடக் கழியவில்லை. ஆகஸ்டு தொடக்கத்தில் ஏறத்தாழ 200 பிள்ளைகள் வரிசையாக வீதிவழியே இரயிலடிக்கு நடத்திச் செல்லப்பட்டனர். தப்பிக்க நண்பர்கள் வழிசெய்ய முன்வந்தும் மறுத்த கோர்ச்சாக் அவர்களோடு நடந்தார். ஸ்டெஃபானியா அம்மையாரும் நடந்தார். ட்ரெப்ளிங்கா கொலைமுகாமிலிருந்து ஒருவரும் திரும்பவில்லை. மாச்சுஷின் கதையில் கடைசி நொடியில் வந்த மாற்றம் இங்கே வரவில்லை.

பிள்ளைகளுக்குத் துயரக் கதை சொல்லலாமா என்ற வினாவுக்கு இவ்வாழ்வில் ஒரு விடை உண்டு. சொல்லலாம், ஆனால் சொல்பவர் அவர்களை விட்டு அகலாதிருக்க வேண்டும். பிள்ளைகள் சாவைப் பற்றியும் போரைப் பற்றியும் கேட்கும்போது நாம் பேச்சை மாற்றுகிறோம். அது பெரும்பாலும் நம் அச்சத்தை மறைக்கவே. உடனிருப்பவர் சொல்லும் கசப்பான உண்மையைப் பிள்ளை தாங்கும். தனித்து விடப்படுவதையே தாங்காது.

ட்ரெப்ளிங்காவில் இன்று ஏறத்தாழ 17,000 கற்கள் நிற்கின்றன. அழிந்த ஊர்களின் பெயர்கள் பலவற்றில் உண்டு. தனி மனிதர் ஒருவரின் பெயர் தாங்கியது ஒரே கல். அதிலும் அவர் தனியே இல்லை: யானுஸ் கோர்ச்சாக்கும் பிள்ளைகளும் என்றே அது பொறிக்கப்பட்டிருக்கிறது.