புதுப்பாளையத்திலிருந்து மாகாணம் வரை

திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். கிராமப் பெண்கள் நூற்ற நூலை ஆசிரமம் கூலி தந்து வாங்கியது. வீட்டுவேலை ஒழிந்த நேரத்தில் கொஞ்சம் நூற்றாலே கையில் காசு. ராட்டை நிலைத்தது அதனால்தான்.

கள்ளுக்கடைக்குப் போகும் கால்களைத் திருப்புவது அவ்வளவு எளிதா? 1929-இல் ஆசிரமத்திலிருந்து, மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ இதழ் வெளிவந்தது. அதில் ராஜாஜிக்குத் துணையாக உழைத்தவர் கல்கி.

சட்டம் வர மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின. 1937 அக்டோபர் 1-இல், சென்னை மாகாணப் பிரதமரான ராஜாஜி, நாமக்கல்லையும் உள்ளடக்கியிருந்த சேலம் மாவட்டத்தில் மட்டும் மதுவிலக்கைத் தொடங்கினார். மறு ஆண்டு சித்தூர், கடப்பை, பிறகு வடஆர்க்காடு. ஒரே நாளில் மாகாணம் முழுதும் பூட்டுப் போடாத அந்த நிதானம் பாராட்டத்தக்கது.

கலால் வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கு மாகாணம் முழுவதையும் எட்டியது 1948-இல்.