வாடகைக்கு வீடு கேட்டவர்கள்

பாளையங்கோட்டையைத் 'தென்னாட்டு ஆக்ஸ்ஃபோர்டு' என்று சொல்லிக்கொள்வதில் எங்கள் ஜில்லாக்காரர்களுக்குத் தனிப் பெருமை. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கல்லூரி மணியோசை நினைவுக்கு வருவதில்லை. படிக்க வந்த பிள்ளை ராத்திரி எங்கே படுத்தான் என்ற கேள்விதான் வருகிறது.

ஆற்றுக்கு மேற்கே, திருநெல்வேலி டவுனில், நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய பழைய தெருக்களைப் பாருங்கள். திண்ணை, தார்சா, பட்டாசல், அடுப்பங்கரை, புறவாசல் என்று ரயில் பெட்டிகளைப்போல் நீளும் வீடுகள். சுவரோடு சுவர் ஒட்டியவை. திண்ணையில் எந்த வழிப்போக்கனும் தலைசாய்க்கலாம். உள்ளே குடிவர வேண்டுமென்றால், வாடகைப் பேச்சுக்கு முன்னால், "தம்பி யாரு வீட்டுப் பிள்ளை?" என்ற கேள்வி வரும். கேட்பது தகப்பனார் பெயரை அல்ல என்பது இருவருக்கும் தெரியும்.

கிழக்கே கதை வேறு. 1820-ல் ரேனியஸ் பாதிரியார் பாளையங்கோட்டைக்கு வந்தார்; அவருக்குப் பின் மிஷன் காம்பவுண்டுகள் பெருகின. 1843-ல் சிரஸ்தார் சுலோசன முதலியார் தம் கைப்பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம் திறக்கப்பட்டது. இரண்டு ஊரும் ஒட்டிக்கொண்டன. சாரா டக்கர், செயிண்ட் ஜான்ஸ், பிறகு 1923-ல் செயிண்ட் சேவியர்ஸ் என்று கல்லூரிகள் எழுந்தன. கூடவே விடுதிகள். தேரிக்காட்டிலிருந்து தகரப்பெட்டியோடு வந்த பனையேறியின் மகனுக்கு டவுன் தெருவில் கிடைக்காத கூரை அங்கே கிடைத்தது. விடுதிக்குள் ஜாதி நுழையவில்லை என்று நான் சாதிக்கமாட்டேன். ஆனாலும் ஒரு பெண்பிள்ளை தாய்வீட்டிலும் இல்லாமல் புருஷன் வீட்டிலும் இல்லாமல், புத்தகத்தோடு ஒரு கட்டிலுக்குச் சொந்தக்காரியாக இருந்தாளே, அது சின்னக் காரியமா?

வாத்தியார்களுக்கும் வீடு வேண்டியிருந்தது. பெருமாள்புரம், மகாராஜ நகர், தியாகராஜ நகர் என்று மனைகள் பிரிந்தன. துரைமார் பங்களாவைப் பார்த்து நம்மவர்களும் வீட்டைத் தெருவிலிருந்து உள்ளே தள்ளி, முன்னால் கேட்டும் சுவரும் வைத்தார்கள். திண்ணை போயிற்று. பென்ஷன் வாங்கியவர்கள் மாடியில் ஒரு போர்ஷன் எடுத்து வாடகைக்கு விட்டார்கள்.

1990-ல் மனோன்மணீயம் சுந்தரனார் பெயரில் பல்கலைக்கழகம் வந்தது. இடம் அபிஷேகப்பட்டி, ஊருக்கு வெளியே. ஆசிரியர்களில் பலர் இன்றும் பாளையங்கோட்டையில் குடியிருந்து பஸ்ஸில் போய் வருகிறார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர் வீடு தேடினால், தரகர் தணிந்த குரலில், "சைவம்னா நல்லது சார்" என்கிறார். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குச் சாப்பாடு ஒரு பொருள். ஜாதி இன்னொரு பொருள். வந்தவர் வெளியூர்க்காரராக இருந்தால், கத்தரிக்காயைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்துத் தலையாட்டுகிறார்.