ஏ.என்.ஏ. 'பாசிட்டிவ்' என்றாலே லூபஸ் நோயா? ரிப்போர்ட்டை எப்படிப் புரிந்துகொள்வது?

வேடசந்தூரைச் சுற்றி நூற்பாலைகள் அதிகம். நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்களுக்குக் கைகால் வலி புதிதல்ல. ஆனால், காலையில் எழுந்தால் விரலை மடக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது, வெயில் பட்டால் முகம் சிவக்கிறது, வாய்ப்புண் அடிக்கடி வருகிறது என்றால் அதை வேலைக் களைப்பு என்று தள்ளிவிட முடியாது. அப்போது டாக்டர்கள் எழுதித் தரும் ரத்தப் பரிசோதனைகளில் ஒன்றுதான் ஏ.என்.ஏ.

2022 அக்டோபரில் நடிகை சமந்தா தனக்கு மயோசிடிஸ் இருப்பதாக அறிவித்தபோது, 'ஆட்டோ இம்யூன்' என்ற வார்த்தை பலர் காதிலும் விழுந்தது. கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, ஆள் மாறி நம் உடம்பையே அடிப்பதுதான் அது. லூபஸ், ஸ்க்லெரோடெர்மா, ஷோக்ரன், மயோசிடிஸ் எல்லாம் இந்த ரகம்தான். இவற்றை இணைப்புத்திசு நோய்கள் என்கிறார்கள்.

டெஸ்ட் எப்படி நடக்கிறது?

வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. ரத்தத்தின் சீரத்தைப் பிரித்து, மனித செல்கள் ஒட்டிய கண்ணாடித் தகட்டில் விடுவார்கள். செல்லின் கருவைத் தாக்கும் எதிர்ப்பான்கள் இருந்தால், ஒளிரும் சாயம் சேர்த்ததும் மைக்ரோஸ்கோப்பில் பச்சையாக மின்னும். 1:80 என்றால், சீரத்தை 80 மடங்கு நீர்க்கச் செய்த பிறகும் மின்னியது என்று அர்த்தம். இரண்டாவது எண் கூடக் கூட எதிர்ப்பான் அதிகம்.

இங்கேதான் பலரும் பயந்துவிடுகிறார்கள். ஆரோக்கியமானவர்களிடம் நடத்தப்பட்டு 1997-ல் வெளியான சர்வதேச ஆய்வில், 1:80 அளவில் 100-ல் சுமார் 13 பேருக்கு பாசிட்டிவ் வந்தது. 1:160-ல்கூட 5 பேர். அதாவது, ஒரு தொந்தரவும் இல்லாதவருக்கும் பாசிட்டிவ் வரும். லூபஸுக்கான 2019 சர்வதேச வரையறையில் 1:80 என்பது வெறும் நுழைவுச்சீட்டு. அறிகுறிகளும் மற்ற டெஸ்ட்களும் சேர்ந்தால்தான் நோய் என்று சொல்ல முடியும். சும்மா 'மாஸ்டர் செக்கப்' பேக்கேஜில் இதைச் சேர்த்துப் பார்ப்பது வீண் செலவு, வீண் கவலை.

அறிகுறியும் இருந்து பாசிட்டிவும் வந்தால், டி.எஸ்.டி.என்.ஏ., ஸ்மித் போன்ற எதிர்ப்பான்களைத் தேடுவார்கள். இவை லூபஸைக் காட்டுபவை. கூடவே சாதாரண யூரின் டெஸ்ட். விலை குறைவுதான், ஆனால் சிறுநீரகம் பாதிக்கப்படுவதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதுதான். ரோ எதிர்ப்பான் இருக்கும் பெண்கள் கர்ப்பமானால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அரிதாக, குழந்தையின் இதயத்துடிப்பு குறையலாம்.

நெகட்டிவ் வந்தால் நிம்மதியா?

லூபஸ் சந்தேகத்துக்கு ஓரளவு நிம்மதிதான். மயோசிடிஸ் விஷயத்தில் அப்படியில்லை. அதில் முக்கியமான ஜோ-1 எதிர்ப்பான் செல்லின் கருவைத் தாக்குவதில்லை என்பதால், ஏ.என்.ஏ. நெகட்டிவாகவே வரலாம். மாடிப்படி ஏற முடியவில்லை, கையைத் தூக்கித் தலை சீவ முடியவில்லை என்றால், தசை பாதிப்பைக் காட்டும் சி.பி.கே. டெஸ்ட்டும் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.