குண்டாற்று மணலில் ஒரு வாணம்

எங்கள் திருச்சுழிப் பக்கத்தில் ராக்கெட் என்ற சொல் பிந்தி வந்தது. அப்பத்தா கடைசிவரை ‘வாணம்’ என்றுதான் சொன்னாள். பாணம்தான் வாணமாகியிருக்கிறது. அம்புக்கு இறகு மாதிரி வாணத்துக்குக் குச்சி. அதை ஒடித்துவிட்டு நான் ஒருமுறை பற்றவைத்தேன். அது திண்ணையில் கிடந்த தாத்தாவின் வேட்டிக்குள் போனது.

சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தது 1920களின் தொடக்கத்தில். பட்டாசு அதற்குப் பிறகு. மழை பொய்த்த வருசங்களில் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது அந்தத் தீப்பெட்டிதான். அம்மா பெட்டி ஒட்டுவாள், நாங்கள் குச்சி அடுக்குவோம். மிச்சப் பசையில் காகிதக் குழல் உருட்டி, வெறும் குழலையே வாணம் என்று எறிந்து விளையாடுவோம். மருந்தைத் தொட்டால் அப்பா தோலை உரித்துவிடுவார்.

காகிதக் குழலுக்கு ஒரு பெரிய கதை உண்டு. மைசூர்ப் படை அதை இரும்பாக்கியது. இரும்பு கூடுதல் அழுத்தம் தாங்கும், வாணம் தூரம் போகும். 1780இல் காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் கும்பினிப் படை அதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் பறந்ததும் அமெரிக்கப் பையன்களும் இரும்புக் குழாயில்தான் மருந்து திணித்தார்கள். கை போனது, கண் போனது. காகிதம் வெடித்தால் கிழியும். இரும்பு வெடித்தால் தைக்கும்.

அதற்கு மூன்று வருசம் முன்பே, 1954இல், நெப்ராஸ்காவின் நார்ஃபோக் ஊரில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் வேறு வழி கண்டிருந்தார். அவருக்கு வாணப் பித்து, உடன்பிறந்த ராபர்ட்டுக்கு விமான பொம்மைப் பித்து. இரண்டும் சேர்ந்து மாடல் ராக்கெட் ஆனது. காகித உடம்பு, குச்சிக்குப் பதில் துடுப்பு. உள்ளே கருமருந்து அடைத்த காகிதக் குழல், அதற்குக் களிமண் வாய். படித்ததும் சிரித்துவிட்டேன்: நம்ம தீபாவளி வாணமேதான்!

நம்மிடம் இல்லாதது ஒன்றே ஒன்று. அவர் அதைப் பாராசூட்டில் இறக்கினார். நாம் ஏற்றிவிட்டதோடு சரி, எந்தப் படப்பில் போய் விழுந்ததோ! கூரை வீட்டுத் தெருவில் தீபாவளி ராத்திரி தண்ணீர்க் குடத்தோடு காவல் இருந்தவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும். வாணம் விட அப்பா எங்களைக் கம்மாய்க்கரைக்கு விரட்டியதும் அதற்காகத்தான்.

உரிமமில்லாமல் மருந்து அடைப்பது குற்றம், எனக்கு அந்த ஆசையும் இல்லை. நானும் மகளும் குளிர்பானப் பாட்டிலில் மூன்றிலொரு பங்கு தண்ணீர் ஊற்றி, சைக்கிள் பம்பில் காற்றடித்துக் குண்டாற்று மணலில் விடுகிறோம். தண்ணீர் பின்னால் பீய்ச்ச, பாட்டில் முன்னால் எகிறும்.

“குடிக்கிறதே லாரித் தண்ணி, இதுல ராக்கெட்டுக்கு வேறயா?” என்பாள் மனைவி. அதனால் பாத்திரம் கழுவின தண்ணீர்தான். போன வாரம் பாலித்தீன் பாராசூட் அழகாக விரிந்து, நேரே சீமைக்கருவேலத்தில் போய் உட்கார்ந்தது. எடுத்துப் பார்த்தால் பாட்டிலில் மூன்று முள். ஊதினால் உஸ்ஸென்கிறது.