எண்களின் கதை – 14: கடிகாரக்காரரின் சிவப்பு எண்கள்

1615 கோடையில் ஹென்றி பிரிக்ஸ், மடக்கையை (லாகரிதம்) உலகுக்குத் தந்த நேப்பியரைத் தேடி லண்டனிலிருந்து எடின்பரோவுக்குக் கிளம்பிய கதையை இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். ஆனால் யோஸ்ட் பூர்கி என்ற கடிகாரக்காரரைத் தாண்டிப் போக மனசு வரவில்லை. நேப்பியரைக் கொண்டாடும் புத்தகங்கள் இந்த மனிதரை ஒரே வரியில் தள்ளிவிடுவது பெரிய அநியாயம்.

பூர்கி 1552-ல் சுவிட்சர்லாந்தின் லிக்டன்ஸ்டைக் என்ற சிற்றூரில் பிறந்தவர். லத்தீன் தெரியாது. லத்தீன் தெரியாதவரை அன்றைய அறிஞர் சபைகள் சீந்துவதில்லை. ஆனால் என்ன கைவண்ணம்! காஸெல் பிரபு நான்காம் வில்ஹெல்முக்கு அவர் செய்த கடிகாரம் நொடிகளைக் காட்டியது. அங்கே நட்சத்திரங்களின் இருப்பிடத்தை அவ்வளவு நுட்பமாகக் குறிக்க முடிந்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. குறித்ததைக் கணக்குப் போட வேண்டுமே! நீளநீளமான எண்களைப் பொழுதெல்லாம் பெருக்குவது சித்திரவதை. அதற்குத்தான் அவர் ஓர் அட்டவணை போட்டார்.

அதில் சிவப்பு எண்கள் பத்துப் பத்தாக ஏறும். கறுப்பு எண்கள் 10,00,00,000-ல் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கூடும். சிவப்பு 10-க்கு நேரே கறுப்பில் 10,00,10,000. 20-க்கு நேரே 10,00,20,001. இவ்விரு கறுப்பையும் பெருக்க வேண்டுமா? சிவப்பு இரண்டையும் கூட்டுங்கள். 30-க்கு நேரே 10,00,30,003 என்று இருக்கும். இலக்கங்களின் எண்ணிக்கையை மட்டும் சரிசெய்தால் விடை கையில். பெருக்கல் கூட்டலாகிவிட்டது, மடக்கை என்பது இதுதான்.

நேப்பியரின் நூல் வந்தது 1614-ல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பூர்கி இந்த வழியைக் கண்டிருந்தார் என்று, பிராகில் அவரோடு பழகிய கெப்ளரே 1627-ல் எழுதினார். பெற்ற பிள்ளையை வளர்க்காமல் விட்டுவிட்டாரே என்ற ஆதங்கமும் அதில் உண்டு. பூர்கியின் அட்டவணை 1620-ல்தான் பிராகில் அச்சானது. அதே ஆண்டு நவம்பரில் ஊருக்கு வெளியே வெள்ளை மலைப் போர்; அட்டவணையைக் கவனிப்பார் யார்? போதாக்குறைக்கு, அட்டவணையைப் பயன்படுத்தும் முறையை விளக்கும் பகுதி அதோடு அச்சாகவே இல்லை. கையெழுத்தாகக் கிடந்த அந்த விளக்கம் அச்சேறியது 1856-ல்!

நேப்பியர் யாரையும் பார்த்து எழுதவில்லை; உலகுக்கு முதலில் கொடுத்தவரும் அவரே. ஆனாலும் மடக்கைக்குத் தந்தை ஒருவர்தான் என்பதை நான் ஏற்கமாட்டேன். இருவர்.

பத்தை அடிமானமாக்கி, நம் பரீட்சை அறைகள்வரை வந்த லாக் டேபிளுக்கு வழிபோட்ட பிரிக்ஸ், அடுத்த வாரம் எடின்பரோ போய்ச் சேர்வார்.