யாப்பும் பெரும்பான்மையும்: செரோக்கியர் வெளியேற்றம், 1827–1839

ஐக்கிய அமெரிக்க வரலாற்றிலே 1820களும் 1830களும் சாமானிய மனிதனின் காலம் என வருணிக்கப்படுவதுண்டு. குடியரசின் தொடக்கத்தில் நிலவுடைமையாளருக்கும் வரி செலுத்துவோருக்குமே பெரும்பாலும் உரியதாயிருந்த வாக்குரிமை, இக்காலத்தில் பெரும்பாலான மாநிலங்களில் வெள்ளை ஆடவர் அனைவருக்கும் உரியதாயிற்று. 1824ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலில் வாக்களித்தோர் தொகை 350,000க்குச் சற்று மேற்பட்டது. 1828இல் அது 1,100,000ஐத் தாண்டிற்று. அவ்வாண்டு வென்றவர் அன்ட்ரூ ஜக்சன். தந்தை இறந்த பின் பிறந்து, பதின்ம வயதிலேயே தாயையும் இழந்து, எல்லைப்புறத்தில் வளர்ந்து உயர்ந்தவர் அவர். இதனாலேயே 'ஜக்சோனியச் சனநாயகம்' என்ற தொடர் வரலாற்று நூல்களில் நிலைத்தது.

ஆயின், அச்சனநாயகத்தின் முதற் பெருஞ் சட்டம் யாது என வினவின், விடை சங்கடந் தருவதாகவே அமையும். 1830 மே 28ஆம் நாள் ஜக்சன் கையொப்பமிட்ட அச்சட்டம், மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே வாழ்ந்த ஆதிக்குடிகளை ஆற்றுக்கு அப்பால் அகற்றுவதற்கு வழிசெய்த சட்டமாகும். அதனால் தாயகம் இழந்த மக்கள் பலர். அவருள் செரோக்கியர் வரலாறு தனித்து நோக்கத்தக்கது. அவர்கள் இச்சட்டத்தைப் படைகொண்டு எதிர்த்தாரல்லர். யாப்பு, பத்திரிகை, மனு, வழக்கு என்பனவே அவர்கள் கைக்கொண்ட கருவிகள். நாட்டின் உயர் நீதிமன்றமும் நியாயம் அவர்கள் பக்கமே எனத் தீர்ப்பளித்தது. அவ்வாறிருந்தும் அவர்கள் தோற்றமைக்குக் காரணம் யாது?

செரோக்கியர் அப்பலாச்சிய மலைத்தொடரின் தென்பகுதியில், இன்றைய ஜோர்ஜியா, தெனெசி, வட கரோலினா, அலபாமா மாநிலங்கள் சந்திக்கும் பிரதேசத்தில் வாழ்ந்தவர். சோளப் பயிர்ச்செய்கையும் வேட்டையும் அவர்தம் பழைய சீவனோபாயங்கள். தாய்வழிக் குலமுறை நிலவிய அச்சமூகத்தில் நிலம் பொதுவில் இருந்தது. பயிர்நிலத்தைப் பேணியவர் பெண்கள். 1791ஆம் ஆண்டின் ஹோல்ஸ்டன் உடன்படிக்கையில் ஐக்கிய அமெரிக்க அரசு, அவர்கள் விட்டுக்கொடாத நிலம் அனைத்தையும் அவர்களுக்கே உறுதிசெய்ததோடு, வேட்டையைக் கைவிட்டு உழவராகவும் மந்தை வளர்ப்போராகவும் மாறும்படி ஊக்கியது. நாகரிகம் எய்தினால் நிலம் நிலைக்கும் என்பதே அக்கால அரசியலாளர் அவர்களுக்குக் காட்டிய நம்பிக்கை எனலாம். 1814இல் கிறீக் மக்களின் ஒரு பிரிவினரை ஜக்சன் போரில் முறியடித்தபோது, செரோக்கிய வீரர் பலநூற்றுவர் அவர் பக்கம் நின்று பொருதனர் என்பதும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

இக்கொள்கையைச் செரோக்கியர் வெறுமனே நம்பினர் என்பதிலும் பார்க்க, தம் நிலத்துக்குரிய அரணாக அதனைப் பயன்படுத்த முனைந்தனர் என்பதே பொருந்தும். ஆங்கிலம் எழுதவோ வாசிக்கவோ அறியாத சிகோயா என்பார் பல்லாண்டு முயன்று 1821இல் தம் மொழிக்கு எழுத்து முறை ஒன்றை ஆக்கினார். அசைக்கு ஓர் எழுத்தாக அமைந்த அம்முறையில் எழுத்துக்கள் 86. தமிழின் உயிர்மெய் வரிசையைப் பயின்றோர்க்கு அதன் எளிமை நன்கு விளங்கும். சில ஆண்டுகளுள் ஆயிரக்கணக்கானோர் பாடசாலை செல்லாமலே ஒருவரிடமிருந்து ஒருவர் அதனைக் கற்றனர். 1827இல் நியூ எக்கோட்டா என்னும் தலைநகரிற் கூடிய பிரதிநிதிகள், ஐக்கிய அமெரிக்க யாப்பை அடியொற்றித் தம் தேசத்துக்கென ஒரு யாப்பை வரைந்தனர். ஈரவைச் சட்டசபை, முதன்மைத் தலைவர், உயர் நீதிமன்றம் என்பன அதன் உறுப்புக்கள். அடுத்த ஆண்டு ஜோன் றொஸ் முதன்மைத் தலைவராகத் தெரிவானார். 1828 பெப்ரவரி 21ஆம் நாள் 'செரோக்கி பீனிக்ஸ்' என்னும் பத்திரிகை இரு மொழிகளில் வெளிவரத் தொடங்கிற்று.

எனினும் இம்மறுமலர்ச்சியை மிகைபடப் புகழ்தல் தகாது. புதிய யாப்பு, பழைய குல அவைகளிற் குரல் பெற்றிருந்த பெண்களுக்கு வாக்களிக்கவில்லை. ஆபிரிக்க வழிவந்தோரையும் விலக்கிற்று. 1835ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கிழக்கில் வாழ்ந்த செரோக்கியர் ஏறத்தாழ 16,500 பேர். அவர்களிடம் அடிமைகளாயிருந்த கறுப்பர் 1,592 பேர். அடிமைகளை உடைமையாகக் கொண்டவை சில குடும்பங்களே. றொஸ், றிட்ஜ் முதலாய தலைவர்கள் அவ்வகுப்பைச் சார்ந்தவர்கள். அயலவரான தென்மாநிலப் பெருந்தோட்டச் சொந்தக்காரரின் வாழ்க்கை முறையையே அவர்கள் நாகரிகத்தின் அளவுகோலாகக் கொண்டிருந்தனர். பின்னாளில் அச்சமூகத்தில் ஏற்பட்ட பிளவின் வேர் ஒன்று இங்கேயே உண்டு.

'பீனிக்ஸ்' ஆசிரியரான எலியாஸ் பூடினொட்டின் பெயர் ஈழத்து வாசகருக்கு ஓர் ஒப்புமையை நினைவூட்டக்கூடும். கலகினா என்னும் இயற்பெயருடைய அவர், கொனெக்ரிக்கற் மாநிலத்தில் அமெரிக்க மிஷன் நடத்திய பாடசாலையிற் கற்றவர்; தம்மை ஆதரித்த அமெரிக்கப் பெருமகன் ஒருவரின் பெயரைச் சூடிக்கொண்டவர். 1816இல் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கியதும், 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறியை நிறுவியதும் அதே மிஷன் சங்கமே. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை என்னும் பெயர்கள் யாழ்ப்பாணத்தில் வழங்கியமைக்கும், பூடினொட் என்னும் பெயர் ஒரு செரோக்கியருக்கு வாய்த்தமைக்கும் வழக்கம் ஒன்றே. ஆனால் பூடினொட் 1826இல் அவ்வூர் வெள்ளைப் பெண் ஒருவரை மணந்தார்; அத்திருமண முடிவு வெளியானபோதே ஊரார் அவ்விருவரின் கொடும்பாவிகளைக் கொளுத்தியிருந்தனர். பாடசாலையும் அவ்வாண்டிலேயே மூடப்பட்டது. கல்வியும் சமயமும் எத்துணைத் தூரம் சமத்துவம் தரும் என்பதற்கு அன்றே ஓர் எல்லை காட்டப்பட்டுவிட்டது.

செரோக்கியர் நாகரிகம் அடையவில்லை என்பது ஜோர்ஜியாவின் உண்மையான முறைப்பாடன்று. அவர்கள் அடைந்துவிட்டனர் என்பதே அதன் கவலை. வேட்டையாடி வாழ்வோர் வேட்டை குன்றியபோது நகர்ந்து செல்வர். யாப்பெழுதி, அச்சகம் நிறுவி, பழத்தோட்டம் நட்டோர் நகரார். 1802இல் ஜோர்ஜியா தன் மேற்கு நிலங்களை மத்திய அரசுக்கு விட்டுக்கொடுத்தபோது, மாநிலத்தினுள் உள்ள ஆதிக்குடிகளின் நிலவுரிமையைச் சமாதானமாகவும் நியாயமான நிபந்தனைகளிலும் நீக்கித் தருவதாக மத்திய அரசு வாக்களித்திருந்தது. ஒரே நிலத்தை உடன்படிக்கை மூலம் ஒருவருக்கும், உடன்பாடு மூலம் மற்றொருவருக்கும் உறுதியளித்த செயல் இது. பருத்தியின் விலையும் அடிமை உழைப்பும் தெற்கின் பொருளாதாரத்தையே மாற்றிய காலத்தில், இவ்வாக்குறுதியின் மதிப்பு ஆண்டுதோறும் ஏறியது. 1828 தேர்தலின் பின் ஜோர்ஜியச் சட்டசபை செரோக்கிய நிலத்தைத் தன் மாவட்டங்களோடு சேர்த்தது. அடுத்த ஆண்டு, செரோக்கியரின் சட்டங்கள் செல்லாவென்றும் வெள்ளையர் தரப்பாராயுள்ள வழக்குகளில் அவர்கள் சாட்சி சொல்ல இயலாதென்றும் விதித்தது. இதற்கிடையில் அந்நிலத்திற் பொன்னும் கண்டுபிடிக்கப்பட்டது. நிலத்திலிருந்து விரட்டப்பட்ட ஒருவன், விரட்டியவன் வெள்ளையனாயின், நீதிமன்றில் ஒரு சொல்லும் கூற முடியாத நிலை இவ்வாறு பிறந்தது.

1829 டிசம்பரில் காங்கிரசுக்கு விடுத்த செய்தியிலே, ஒரு மாநிலத்தின் எல்லைக்குள் அதன் சம்மதமின்றி வேறோர் அரசு அமைதலை யாப்பு அனுமதியாது என ஜக்சன் வாதித்தார். வெளியேற்றச் சட்டமூலத்தை எதிர்த்துச் செனற் சபையில் நியூ ஜேர்சியின் பிரீலிங்ஹைசன் மூன்று நாட்களில் ஆறு மணி நேரம் பேசினார். கதறீன் பீச்சரின் முயற்சியால் வடமாநிலப் பெண்கள் காங்கிரசுக்கு மனுக்கள் அனுப்பினர். வாக்கில்லாத பெண்கள் நாடளாவிய முறையில் ஓர் அரசியல் வினாவிலே தலையிட்டமை இதுவே முதன்முறை என்பர். செனற் சபையில் 28க்கு 19 எனவும், பிரதிநிதிகள் சபையில் 102க்கு 97 எனவும் சட்டம் நிறைவேறிற்று. ஐந்தே வாக்குகள்! அடிமைகளில் ஐவரை மூவராகக் கணக்கிட்டுத் தென்மாநிலங்களுக்கு மேலதிக ஆசனம் தந்த யாப்பு விதி இல்லாதிருப்பின் இச்சட்டம் தோற்றிருக்கும் என வரலாற்றாசிரியர் சிலர் கணக்கிடுவர். அடிமை முறையும் ஆதிக்குடிகளின் வெளியேற்றமும் வெவ்வேறு அத்தியாயங்களாக எழுதப்படுவது வழக்கமாயினும், அவை ஒரே வரலாறு என்பதற்கு இக்கணக்கே போதும்.

காங்கிரசில் தோற்றோர் நீதிமன்றை நாடினர். 1831இல் வந்த முதல் வழக்கில் பிரதம நீதியரசர் ஜோன் மார்ஷல், செரோக்கியர் அந்நிய அரசல்லர், சார்ந்து வாழும் உள்நாட்டுத் தேசமே எனக் கூறி, வழக்கை விசாரிக்கத் தமக்கு நியாயாதிக்கம் இல்லையென்றார். அவ்வாண்டு ஜோர்ஜியா, செரோக்கிய நிலத்தில் வாழும் வெள்ளையர் மாநிலத்துக்கு விசுவாசச் சத்தியம் செய்து அனுமதி பெறல் வேண்டும் என்ற சட்டத்தைச் செயற்படுத்திற்று. 'பீனிக்ஸ்' அச்சகத்துக்குத் துணைநின்ற மிஷனரியான சாமுவேல் வூஸ்டரும் வைத்தியரான எலிசர் பட்லரும் அதற்கு மறுத்தனர். அவர்களுடன் தண்டிக்கப்பட்ட ஏனைய ஒன்பதின்மரும் மன்னிப்பை ஏற்று வெளிவர, இவ்விருவரும் நான்காண்டுக் கடூழியத் தண்டனையை ஏற்றுச் சிறை புகுந்தனர். வழக்காளி ஐக்கிய அமெரிக்கக் குடிமகனாயிருந்தமையால் நீதிமன்றம் இம்முறை விலகிச்செல்ல முடியவில்லை. 1832 மார்ச் 3ஆம் நாள், செரோக்கிய நிலத்தில் ஜோர்ஜியாவின் சட்டங்களுக்கு எவ்வித வலுவும் இல்லையென மார்ஷல் தீர்ப்பளித்தார். ஜோர்ஜியா தன் சார்பில் நீதிமன்றுக்கு ஒருவரையும் அனுப்பவில்லை, தீர்ப்பையும் பொருட்படுத்தவில்லை.

தீர்ப்பை வழங்கிய மார்ஷலே அதனை நிறைவேற்றட்டும் என ஜக்சன் கூறியதாக ஒரு கதை பரவலாக வழங்கும். அது 1864இல், ஜக்சன் இறந்து ஏறத்தாழ இருபதாண்டுகளின் பின்னர், ஹொறஸ் கிறீலி எழுதிய நூலின் மூலம் பிரபலமானது. ஜக்சன் அவ்வாறு சொன்னதற்குத் தக்க சான்றில்லை. சொல்லவேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை. தீர்ப்பளித்த நீதிமன்றம் தவணை முடிந்து கலைந்துவிட்டது. மாநில நீதிமன்றின் மறுப்பு எழுத்தில் வந்து சேராதவரை மேலதிக ஆணை பிறப்பிக்க அதற்கு வழியுமில்லை. நீதிமன்றுக்குப் படையில்லை. அதன் கட்டளையை நிறைவேற்றும் கரம் நிர்வாகத்துறையே. அந்நிர்வாகத்துறை பெரும்பான்மையின் வாக்கில் நிற்பது. வெள்ளைக் குடியானவனுக்கு நிலம் என்ற எதிர்பார்ப்பே அவ்வாக்கைத் தெற்கிலே திரட்டியிருந்தது. ஒரு சனாதிபதியின் வன்மத்தால் மட்டும் இதனை விளக்க முற்படுதல் போதாது.

அவ்வாண்டின் இறுதியில் நிலைமை வேறொரு திருப்பம் கண்டது. தென் கரோலினா மத்திய அரசின் தீர்வைச் சட்டத்தைச் செல்லாததாக்கியபோது, அதனைப் படைபலத்தால் அடக்கவும் ஜக்சன் ஆயத்தமானார். மாநிலம் மத்திய சட்டத்தை மீற முடியாதெனத் தென் கரோலினாவுக்குக் கூறியவர், ஜோர்ஜியாவுக்கு அதனைக் கூறவில்லை. ஜோர்ஜியாவும் தென் கரோலினாவோடு சேர்ந்துவிடுமோ என்ற அச்சம் வாஷிங்டனை ஆட்கொண்டது. செரோக்கியரின் பக்கம் நின்ற வடநாட்டு நண்பர்களும் நாட்டின் ஒற்றுமையே இப்போது முதன்மையானதென எண்ணினர். மிஷன் சங்கமே வழக்கைக் கைவிடுமாறு ஆலோசனை கூற, வூஸ்டரும் பட்லரும் 1833 ஜனவரியில் விடுதலையாயினர். இவ்விருவருக்கும் ஜோர்ஜியா முறைப்படி மன்னிப்பு வழங்கியது 1992ஆம் ஆண்டில். உயர் நீதிமன்றம் குற்றமேயன்று எனத் தீர்த்த செயலுக்கு 160 ஆண்டுகளின் பின் மன்னிப்பு.

நண்பர் கைவிட்டபின் எஞ்சியது உட்பகை. ஜோர்ஜியா 1832இலேயே செரோக்கிய நிலத்தைத் துண்டுகளாக்கிச் சீட்டுக்குலுக்கல் மூலம் தன் குடிகளுக்கு வழங்கத் தொடங்கிற்று. 1835இல் பயணத்தினின்று திரும்பிய றொஸ், தம் வீட்டிலே வேற்றார் குடியிருக்கக் கண்டார். இந்நிலையில் மேஜர் றிட்ஜ், அவர் மகன் ஜோன் றிட்ஜ், பூடினொட் ஆகியோர் இனி நிலத்தைக் காக்க முடியாது, மக்களையாவது காப்போம் என்னும் முடிவுக்கு வந்தனர். அக்கருத்தைப் 'பீனிக்ஸ்' இதழில் விவாதிக்க றொஸ் இடந்தரவில்லை. பூடினொட் 1832 ஒகஸ்டில் ஆசிரியப் பதவியைத் துறந்தார். றொஸ் செய்தது சரியா என்பது விவாதத்துக்குரியதே. ஒன்றுபட்ட குரலே வாஷிங்டனில் எடுபடும் என்பது அவர் வாதம். மக்களுக்கு உண்மை நிலை தெரிதல் வேண்டும் என்பது பூடினொட்டின் வாதம். ஆனால் 1835 டிசம்பர் 29ஆம் நாள், தேசத்தின் ஆணையின்றிச் சிறு குழுவொன்று ஐந்து மில்லியன் டொலருக்குக் கிழக்கு நிலம் முழுவதையும் எழுதிக்கொடுத்த செயலை அவ்வாதம் நியாயப்படுத்தாது. 15,000க்கு மேற்பட்ட பெயர்கள் கொண்ட மனு எதிராகச் சென்றும், வேண்டிய மூன்றிலிரண்டு பங்குக்கு ஒரேயொரு வாக்கு மேலாகச் செனற் சபை உடன்படிக்கையை ஏற்றது.

விதித்த தவணை 1838 மே மாதத்தில் முடிந்தது. தாமாகச் சென்றோர் சிலரே. ஜெனரல் வின்பீல்ட் ஸ்கொட்டின் கீழ் ஏறத்தாழ 7,000 படையினர் வீடுவீடாகச் சென்று மக்களைப் பிடித்து மரவேலி முகாம்களில் அடைத்தனர். அவ்வாண்டுக் கோடை வரட்சியில் நோய் பரவிற்று. எஞ்சியோரைத் தாமே அழைத்துச்செல்ல றொஸ் அனுமதி பெற்றார்; பதின்மூன்று பிரிவுகளாக, ஏறத்தாழ 800 மைல் தூரத்தை அவர்கள் இலையுதிர்காலத்திலும் மாரியிலும் கடந்தனர். அவர்களோடு அடிமைகளும் நடந்தனர் என்பதைப் பல நூல்கள் கூறாது விடுகின்றன. றொஸின் மனைவி லிற்றில் றொக் நகரருகே வழியில் இறந்தார். ஒரு பிரிவுக்கு வைத்தியராகச் சென்றவர், ஜோர்ஜியச் சிறையிலிருந்த அதே பட்லர். முகாம்களிலும் வழியிலும் இறந்தோர் 4,000க்கு மேல் என்பது அவர் மதிப்பீடு. ஆய்வாளரிடையே இத்தொகை பற்றிக் கருத்து வேறுபாடுண்டு.

1839 யூன் 22ஆம் நாள், புதிய நிலத்தில் மேஜர் றிட்ஜும் ஜோன் றிட்ஜும் பூடினொட்டும் வெவ்வேறு இடங்களில் ஒரே நாளிற் கொல்லப்பட்டனர். தேசத்தின் ஆணையின்றி நிலம் விற்போருக்கு மரணம் என்ற சட்டத்தை, பத்தாண்டுகளுக்கு முன் செரோக்கிய சபையில் ஆதரித்து நின்றவர்களுள் மேஜர் றிட்ஜும் ஒருவர். அவ்வாண்டிலேயே செரோக்கியர் மீண்டும் ஒரு யாப்பை வரைந்தனர். 1844இல் தலெக்குவா நகரிலே இரு மொழிகளிலும் ஒரு பத்திரிகையை மீண்டும் தொடங்கினர்.