நுகர்வோர் முறையீடு: தஞ்சை டெல்டாவில் வழக்கறிஞர் இன்றி வழக்குத் தொடுத்தல்

காசு கொடுத்து வாங்கிய பொருளிலோ பெற்ற சேவையிலோ குறை இருந்தால், வாங்கியவர் தம் மாவட்டத்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் தாமே தொடுக்கக்கூடிய வழக்கு நுகர்வோர் முறையீடு எனப்படும். இங்கிலாந்தில் 10,000 பவுண்டு வரையிலான சிறு வழக்குகளுக்குத் தனி நடைமுறை உண்டு. இந்தியாவில் 1887ஆம் ஆண்டின் மாகாணச் சிறுவழக்கு நீதிமன்றச் சட்டம் இருந்தும், சாமானியர் தனியே நின்று வாதாடும் இடமாக அமைந்தது நுகர்வோர் மன்றமே. 1986ஆம் ஆண்டுச் சட்டம் அதை உருவாக்கியது. 2020 ஜூலை 20இல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதை ஆணையம் என்று பெயர் மாற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய ஊர்களில் மாவட்ட ஆணையங்கள் இயங்குகின்றன.

எல்லா வழக்கும் இங்கே செல்லாது. கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட விவசாயி விற்பவரே அன்றி நுகர்வோர் அல்லர். கைமாற்றுக் கடனும் புரோநோட்டும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உரியவை. சாகுபடிக் குத்தகைத் தகராறுகளுக்கு 1955ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி டெல்டாவில் வருவாய் நீதிமன்றங்கள் உள்ளன. நுகர்வோர் ஆணையத்தின் எல்லைக்குள் வருபவை விதை, பூச்சிமருந்து, மோட்டார், டிராக்டர், வங்கிச் சேவை, காப்பீடு போன்றவை.

இந்த வட்டாரத்துக்கு மிக நெருக்கமானது விதை வழக்கு. பயிர் செய்து விற்பது வணிகம், ஆகவே விவசாயி நுகர்வோர் ஆகமாட்டார் என்று விதை நிறுவனங்கள் நெடுங்காலம் வாதிட்டன. ஆந்திர விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. விதை முழுவதையும் விதைத்துவிடும் விவசாயி, பின்னால் வழக்கு வரும் என்று எண்ணி ஒரு பங்கை எடுத்துவைத்திருப்பார் என எதிர்பார்க்க முடியாது என்றும் அத்தீர்ப்பு சொன்னது. இந்த இரண்டாவது கருத்தே விவசாயிக்குப் பெரிய துணை. ஆய்வுக்கூட அறிக்கை இல்லை என்ற ஒரே காரணத்தால் வழக்குத் தோற்பதை அது தடுக்கிறது.

ஆனால் சான்று இல்லாமல் எதுவும் நிற்காது. சம்பாப் பருவத்துக்கு சி.ஆர். 1009 என்ற நீண்ட கால நெல் ரகம் என்று வாங்கி நட்ட வயலில் குறுகிய கால ரகம் கலந்திருந்தால், மற்ற பயிர் தூர் கட்டி நிற்கும்போதே கலவன்கள் கதிர் தள்ளிவிடும். ஏறத்தாழ 155 நாள் பயிர் முற்றுவதற்குள் அவற்றின் மணி உதிர்ந்து போகும். அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிவது சில வாரங்களே. அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிய பிறகு காட்ட ஒன்றும் மிஞ்சாது. அதற்கு முன்பே வேளாண்மை அலுவலருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, அவர் வயலைப் பார்த்துத் தரும் அறிக்கையைப் பெறவேண்டும். தேதி தெரியும் புகைப்படங்கள், கடை ரசீது, லாட் எண் உள்ள சான்று அட்டை, பரப்பையும் பயிரையும் காட்டும் அடங்கல் நகல் ஆகியவை உடன் சேரவேண்டும். விதைச் சிப்பத்தைப் பிரித்ததும் அட்டையைத் தூக்கி எறிவது வழக்கம். வழக்கில் பெரும் இழப்பு அங்கேதான் நேர்கிறது. முளைப்புக் குறை என்றால் நாற்றங்கால் நிலையிலேயே இதே வேலையைச் செய்யவேண்டும். சான்று பெற்ற நெல் விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 80 விழுக்காடு.

முறையீட்டுக்கு முன் கடைக்காரருக்கும் உற்பத்தி நிறுவனத்துக்கும் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி தபாலில் அறிவிப்பு அனுப்புவது நல்லது. சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. எனினும் பதில் வந்தாலும் வராவிட்டாலும் அது ஓர் ஆவணமாகிவிடும்.

மனுவைத் தமிழிலேயே எழுதலாம். இருதரப்பு முகவரி, வாங்கிய நாள், கொடுத்த விலை, நேர்ந்த குறை, கேட்கும் நிவாரணம் ஆகியவை வரிசையாக இருந்தால் போதும். சட்டப் பிரிவுகளை அடுக்கத் தேவையில்லை. உறுதிமொழி வாக்குமூலமும் ஆவண நகல்களும் இணைக்கப்படும். எதிர்தரப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு படி வேண்டும். குறை தெரிந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்யவேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையம் பொறுத்துக்கொள்ளலாம். விற்றவரின் ஊருக்கு அலையவேண்டியதில்லை. முறையீட்டாளர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டமே போதும் என்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பெரிய வசதி.

கட்டணக் கணக்கைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்தே அது கணக்கிடப்படுகிறது. விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய். சில ஆயிரம் ரூபாய் விதைக்காக லட்சக்கணக்கில் இழப்பீடு கேட்டாலும் ஒரு ரூபாய்கூடச் செலுத்தவேண்டாம். மாவட்ட ஆணையத்தின் எல்லை 50 லட்சம் வரை. 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம்.

முறையீடு ஏற்கப்பட்டதும் எதிர்தரப்புக்கு அறிவிப்புப் போகும். பதிலுரைக்கு 30 நாள், கூடுதலாக 15 நாள். 45 நாளுக்கு மேல் ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் உறுதி செய்தது. பிறகு இருதரப்பும் நிரூபண வாக்குமூலம் தாக்கல் செய்யும். கூண்டில் ஏறிச் சொல்லவேண்டியதில் பெரும்பகுதி இங்கே தாளிலேயே முடிந்துவிடுவதால், வழக்கறிஞர் இல்லாத குறை அவ்வளவாகத் தெரிவதில்லை. வழக்கறிஞர் அல்லாத ஒருவரை முகவராக அனுப்பவும் இடமுண்டு. 2011இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. வாய்தாவுக்கு வராமல் இருப்பதுதான் ஆபத்து. முறையீட்டாளர் வரவில்லை என்று வழக்குத் தள்ளுபடியானால் அதை மீட்க மாநில ஆணையத்துக்குப் போகவேண்டியிருக்கும்.

மூன்று மாதத்தில், ஆய்வுக்கூடப் பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயலவேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இதைவிட நீளும். இடையில் இருதரப்பும் இசைந்தால் சமரசத் தீர்வுக்கு அனுப்பலாம்.

உத்தரவை எதிர்த்து 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். பணம் கொடுக்கும்படி உத்தரவு பெற்றவர் அதில் பாதியை முதலில் கட்டவேண்டும். மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் இருந்தால், முறையீட்டாளர் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடலாம். உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணையைப் போலவே சொத்தை ஜப்தி செய்ய முடியும். உத்தரவை மீறியவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.